கழுத்தில்லாக் கிழங்கு

கழுத்தைக் காணோம். தோண்டி எடுத்த கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாச்சு, வாளித் தண்ணியில் அலசியும் பார்த்தாச்சு, கழுத்து இல்லை. ஒரு பக்கம் எலிவால் மாதிரி ஒல்லியாக முடிகிறது, இன்னொரு பக்கம் கத்தி வைத்து நறுக்கினது, நறுக்கின இடத்தில் சாம்பல் அப்பிக் கறுத்துக் கிடக்கிறது. அடுத்த குழி. அதிலும் அப்படியே. அதற்கடுத்த குழியில் கையை விட்டதும் விரல் கொழகொழவென்று உள்ளே போனது, எடுத்து மோந்து பார்த்தேன், எதையும் மோந்து பார்க்கிற ஆள் நான், ரெண்டு நாள் கழுவாமல் விட்ட சோத்துப்பானை நாற்றம். பாவாடையில் துடைத்தேன். பாவாடையும் நாறுகிறது. நட்டதைத் தோண்டாதே என்று அம்மா வருஷாவருஷம் சொல்லும், "தோண்டிப் பாக்குறவ கையில எதுவும் தங்காதுடி பவுலின்" என்று முழுப்பேரையும் போட்டுச் சொல்லும். தோண்டினேன். மூணு வாரமாக மேலே நின்றுகொண்டு மண்ணையே பார்த்தால் என்ன தெரியும்? உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியணும். ப்ளஸ் ஒன்னோடு நான் நின்றதுக்கும் இதுதான் காரணம், மார்க் வந்தது, பொறுமை வரலை. சரி, இப்போது தெரிந்துவிட்டது. அம்மாவுடைய டேலியாப் பூக்கிழங்கை அப்பா உருளைக்கிழங்கு மாதிரி வெட்டியிருக்கிறார்.

வேறு யாராவது இப்படிச் செய்வார்களா என்று யோசிக்கிறேன். வத்தலக்குண்டில் மாமா செய்ய மாட்டார், அவருக்குக் கிழங்கு என்றால் கடையில் வாங்கி வருவது. கொடைக்கானல் டவுனில் பங்களாத் தோட்டம் பார்க்கிறவர்கள் செய்ய மாட்டார்கள். எங்கள் மேல்மலை ஆள்தான் செய்வான். பிறந்ததிலிருந்து விதைக்கிழங்கை மடியில் போட்டு, ஒரு துண்டுக்கு ஒரு கண்ணு, ரெண்டு கண்ணு இருந்தால் உத்தமம் என்று வெட்டி வெட்டி, வெட்டின முகத்தில் அடுப்புச் சாம்பலைத் தடவி, நிழலில் ஒரு நாள் ஆறப்போட்டு நடுகிற ஆள். எங்கள் அப்பா சேசுராஜ் அதில் பெரிய ஆள்தான், கண்ணைப் பார்க்காமலே கட்டைவிரலால் தடவி வெட்டுவார். உருளைக்குத்தான் உடம்பு முழுக்கக் கண்ணு இருக்கிறதே, எங்கே வெட்டினாலும் ஒண்ணு மாட்டும். டேலியாவுக்கு அப்படி இல்லை. அதுக்குக் கண்ணு ஒரே இடத்தில், கழுத்துக்கு மேலே, போன வருஷத்துத் தண்டு ஒட்டிக்கொண்டு நிற்கிற அந்தக் கட்டையில். சோளப்பொரி அளவுக்குக்கூட இருக்காது, சிவப்பாக ஒரு மொட்டு, தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அம்மா வெட்டும்போது கொத்தைப் பிடித்துக்கொள்கிற வேலை என்னுடையது. என் விரலுக்கு ஒரு நூல் தள்ளிக் கத்தி இறங்கும், பயத்தில் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். "கழுத்தோட வெட்டணும். கழுத்து போச்சுன்னா கிழங்கு குண்டா இருந்து என்ன, கொழம்புக்குக்கூட ஆகாது." அப்பா அந்த நேரத்தில் எல்லாம் பக்கத்தில்தான் இருப்பார், பீடி குடித்துக்கொண்டு, மழை வருமா என்று எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். அப்படிப் பார்த்திருந்தால் அம்மா போயே இருக்காதோ என்னமோ. இல்லை, அது வேறு விஷயம். இல்லை, அதேதான்.

அம்மா கோபித்துக்கொண்டு போனது என்று யாரும் சொல்லவில்லை. மாமா பெண்ணுக்குச் சடங்கு, நாலு நாளில் வருகிறேன் என்று சின்னப் பையோடு போனது, ஸ்வெட்டரைக்கூட ஆணியிலேயே விட்டுப் போனது, கீழே வத்தலக்குண்டு வெயிலில் ஸ்வெட்டர் எதுக்கு. சடங்கு முடிந்தது. பலகாரம் கொடுத்துவிட்டது, மாசக்கணக்காச்சு, ஆள் வரவில்லை. ஆனால் அதுக்கு முந்தின வாரம் நடந்ததை நான் பார்த்தேன். வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு துண்டு மண், ஆள் படுத்தால் கால் வெளியே நீட்டும், அவ்வளவுதான், அதுதான் அம்மாவுடைய டேலியாப் பாத்தி. அம்மா கிழங்கைத் தோண்டிக் கூடையில் மணல் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தது, நடுகிற காலம் வரட்டும் என்று. அப்பா அந்தச் சும்மா கிடந்த மண்ணில் பூண்டு ஊன்றிவிட்டார். அம்மா கோயிலில் இருந்து வந்து பார்த்தது. "இது என்னது?" என்றது. "பூண்டு" என்றார். "பூண்டுன்னு தெரியுது." "பூவையா ரோசாலி கொழம்பு வைக்கப்போற?" என்று அப்பா சிரித்தார், அவர் அளவுக்கு அது ஒரு தமாஷ். அம்மா சிரிக்கலை, சண்டையும் போடலை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் உலை வைத்தது. சத்தம் போட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். சத்தம் போடாமல் அரிசி களைந்துகொண்டே இருந்தது, களைந்த தண்ணி தெளிந்து அரிசி தெரிகிற வரைக்கும் களைந்தது, எங்கள் வீட்டில் அத்தனை தடவை யாரும் களைவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மா போன் பண்ணும். எங்கள் வீட்டில் டவர் கிடைக்கிற இடம் ஒண்ணே ஒண்ணு, துவைகல். போனைக் கல்லின் வடக்கு ஓரத்தில் வைக்கணும், கையில் எடுத்தால் போய்விடும், அதனால் ஸ்பீக்கர் போட்டுக் குனிந்து கல்லோடு பேசுகிற மாதிரிப் பேசுவோம். போன மாசம் ஒரு ஞாயிறு நான் கேட்டேன், எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, "எப்பம்மா வருவ?" அந்தப் பக்கம் டிவி சத்தம், யாரோ சிரிக்கிறார்கள், அம்மாவும் சிரித்த குரலோடு, "வருவேன் வருவேன், டேலியா முளைச்சா சொல்லு, வர்றேன்" என்றது. டேலியா கட்டிலுக்குக் கீழே கூடையில், பாத்தியில் பூண்டு, எப்படி முளைக்கும்? அப்போ வர மாட்டேன் என்று அர்த்தமா, இல்லை சும்மா சொன்னதா? நான் அதை வைத்து அன்றைக்கு ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். அம்மா குரல் அங்கே வேறு மாதிரி இருக்கிறது, அது இன்னொரு பயம். லேசாக இருக்கிறது. அத்தைகூடச் சினிமாவுக்குப் போனேன் என்று சொன்னது, பஜ்ஜி சாப்பிட்டோம் என்று சொன்னது. அதுக்கு அங்கே பிடித்துப்போயிருந்தால்? எனக்கே பிடிக்கும் போலிருக்கிறது. இந்தக் குளிரில் விடிந்ததும் எழுந்து பாதி மலை ஏறிக் காட்டுக்குத் தண்ணி மாற்றிவிட்டு வந்து, பச்சை விறகை ஊதி ஊதிக் கண் எரிந்து, இதுக்கு எதுக்கு ஒருத்தர் திரும்பி வரணும்? ஒரு பூவுக்காக வரலாம். வேறு எதுக்கு என்று எனக்குச் சொல்லத் தெரியலை. அப்பாவும் அன்றைக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், துவைகல்லுக்குப் பின்னால் மண்வெட்டிக்கு ஆப்பு அடிக்கிற மாதிரி. ஆப்பு அடிக்கிற சத்தம் நின்றதை நான் கவனித்தேன்.

மறுநாள் நான் டவுனுக்குப் போய்த் திரும்பினால் பாத்தியில் பூண்டு இல்லை. முத்தாத பூண்டு, உள்ளே பல் பிரியவே இல்லை, அத்தனையையும் பிடுங்கி மூலையில் குவித்திருக்கிறார். பூண்டை யாராவது பச்சையில் பிடுங்குவார்களா, அதுவும் அப்பா, வழியில் உதிர்ந்து கிடக்கிற பல்லைக்கூடப் பொறுக்கி மடியில் போடுகிறவர். கயிறு கட்டிக் கோடு போட்டு வரிசையாகக் குழி எடுத்து, கூடையில் இருந்த டேலியாக் கிழங்கு எல்லாத்தையும் நட்டு மூடியிருந்தார், பூவாளியால் தண்ணி தெளித்துக்கொண்டிருந்தார். "நட்டாச்சு" என்றார். கையெல்லாம் சாம்பல். அந்தச் சாம்பலைப் பார்த்தபோதே எனக்குப் பொறி தட்டியிருக்கணும். தட்டலை, பஸ்ஸில் வாந்தி எடுத்த களைப்பு. அதிலிருந்து தினமும் காலையில் அவரே தண்ணி ஊற்றுகிறார், என்னை விடுவதில்லை. முளை விடுகிற வரைக்கும் டேலியாவுக்குத் தண்ணி ஆகாது, அழுகும், அது எனக்குத் தெரியும், சொன்னேன். "தண்ணியில்லாம எது முளைக்கும்? ஆண்டவர் வந்தாலும் தண்ணி வேணும்" என்றார். தினமும் பூவாளியை வைத்துவிட்டு உட்கார்ந்து மண்ணோடு கன்னம் ஒட்டுகிற மாதிரிக் குனிந்து பார்ப்பார், விரிசல் விட்டிருக்கிறதா என்று. இன்றைக்குக் காலையில் குனிந்து பார்த்துவிட்டு எழுந்திருக்க நேரமாச்சு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "அம்மா போன் பண்ணும்ல. முளைச்சிருச்சுன்னு சொல்லு." "முளைக்கலையேப்பா." "இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு முளைக்கத்தான போகுது. பொய்யில்ல பாப்பா, கொஞ்சம் முந்திச் சொல்றோம், அம்புட்டுதான்." சொல்லிவிட்டு மேல்காட்டுக்குப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் நான் தோண்டினேன்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குப் புரியலை, புரியாதது எனக்குப் பிடித்திருக்கிறது. துண்டு துண்டாக வெட்டினது எல்லாம் அழுகிவிட்டது. வெட்டாமல் முழுசாக விட்டதும் ஒன்றிரண்டு இருக்கிறது, கழுத்து மட்டும் போனது. அதை எடுத்தால் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, அடியில் வெள்ளை வேர் விட்டிருக்கிறது, புது வேர், குழந்தை முடி மாதிரி, மண்ணைக் கவ்விப் பிடித்து வர மாட்டேன் என்கிறது. உயிரோடுதான் இருக்கிறது. தண்ணி குடிக்கிறது. ஆனால் மேலே வர அதுக்கு வழி கிடையாது. அது அதுக்குத் தெரியுமா? தெரியாமல்தான் வேர் விடுகிறதா? எத்தனை நாள் அப்படி இருக்கும்? மழைக்காலம் முழுக்க இருந்துவிட்டு, அடுத்த வருஷம் தோண்டினாலும் இப்படியே குண்டாக இருக்குமா? ப்ளஸ் ஒன்னில் ஜீவா டீச்சர் தாவரவியல் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார், உருளைக்கிழங்கு என்பது தண்டு, டேலியாக் கிழங்கு என்பது வேர். வகுப்பே சிரித்தது. பின்பெஞ்சில் ஒருத்தன், "டீச்சர், அப்ப நாங்க இத்தன நாளா தண்டையா தின்னோம்?" என்றான். டீச்சர் அடுத்த பாராவுக்குப் போய்விட்டார், தேர்வுக்கு வராது என்றார். அடப்பாவமே, தேர்வுக்கு வராததுதானே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. தண்டு என்றால் கண்ணு இருக்கும், வேருக்கு ஏது கண்ணு, தண்டு ஒட்டின இடத்தில்தான் இருக்கும். அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு அதை ஒரு வாக்கியமாகச் சொல்லியிருந்தால் நான் வீட்டில் வந்து சொல்லியிருப்பேன், அப்பா ஓகோ என்றிருப்பார். டீச்சராக இருந்தால் இந்தக் கண்ணில்லாக் கிழங்கை மனுஷ வாழ்க்கையோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதச் சொல்வார். நான் ஒப்பிட மாட்டேன். கிழங்கு கிழங்குதான். திரும்பக் குழிக்குள் வைத்து மூடினேன். ஏன் மூடினேன்? வேர் விட்டிருக்கிறதே.

அம்மாவுடைய பூவின் நிறம் வேறு எங்கேயும் கிடையாது, அதுதான் என்னை உறுத்துகிறது. டவுனில் மலர்க்காட்சிக்கு வைத்திருக்கிற அத்தனையும் பார்த்திருக்கிறேன், ரத்தச் சிவப்பு இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கிறது. அம்மாவுடையது சின்னப் பூதான். நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஒரு கருப்பும் சிவப்பும், நடுவில் பார்க்கப் பார்க்க இன்னும் உள்ளே போகிற மாதிரி இருக்கும். விதையில் இருந்து அது வராது, ஒரு தடவை நான் விதை போட்டுப் பார்த்தேன், வெளுத்துப்போன ரோஸ் வந்தது. "என்னோடது கிழங்குலதான் இருக்கு" என்றது அம்மா. பேர் எல்லாம் வைக்கலை, என்னோடது என்றுதான் சொல்லும். வீட்டில் வேறு எதையும் அம்மா என்னோடது என்று சொல்லி நான் கேட்டதில்லை. சரி, கிழங்கில் இருக்கிறது என்றால் கிழங்கில் எங்கே? கழுத்தில். கழுத்து எங்கே? அப்பா வெட்டும்போது கிழங்கை வைத்துக்கொண்டு மேலே இருந்த கட்டையைத் தூக்கிப் போட்டிருப்பார். காய்ந்த தண்டு, பார்க்க அசிங்கமாக இருக்கும், உருளையில் அப்படி ஒண்ணு கிடையாது, குப்பை என்றுதானே நினைப்பார். குப்பை என்றால் எங்கே போடுவார்? மண்வெட்டியைத் தேடவில்லை, ஓடினேன்.

குப்பைக்குழி வீட்டுக்குப் பின்னால். மேலே பூண்டுத்தாள், அவர் பிடுங்கினதேதான், மஞ்சளாக வதங்கி நாறிக்கொண்டிருக்கிறது. அதுக்குக் கீழே சாணி, சாம்பல், காரட் இலை. கையால்தான் விலக்கினேன், கம்பு போட்டால் உடையும். வெளியே இத்தனை குளிர், பனி இன்னும் கலையலை, உள்ளே கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது, காய்ச்சல்காரன் கக்கத்தில் கை வைத்த மாதிரி. மாடு தின்றிருக்குமோ என்று ஒரு நினைப்பு. அவிந்து போயிருக்குமோ என்று ஒரு நினைப்பு. இதைக் கண்டுபிடிக்காவிட்டால் நான் அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று நினைத்தேன், அப்புறம் கண்டுபிடித்தால் என்ன சொல்வேன் என்று நினைத்தேன், முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டேன். முதலில் வந்தது ஒரு கட்டை, நசுங்கிக் காய்ந்தது. அடுத்தது ஒண்ணு, பூசணம் பிடித்தது. மூணாவது கட்டையைத் தொட்டதும் தெரிந்துவிட்டது, கனம் இருந்தது. கட்டையின் ஒரு பக்கத்தில் என் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு கிழங்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது, வெட்டுகிற அளவுக்கு இல்லை என்று அப்பா விட்டுவிட்டது. அந்தக் கிழங்கும் கட்டையும் சேர்கிற இடத்தில், கழுத்துக்கு மேலே, முளை. கண்ணு இல்லை, முளையே. ஒரு விரற்கடை நீளம், இருட்டில் வளர்ந்ததால் வெள்ளையாக, நுனியில் மட்டும் லேசான சிவப்பு, ரெண்டு இலை மூடின கை மாதிரி ஒட்டிக்கொண்டு. குழிக்குள் தலைகீழாகக் கிடந்தது, முளை வளைந்து மேலே திரும்பியிருந்தது. யார் சொன்னார்கள் அதுக்கு மேலே எது என்று? வெளிச்சமே இல்லையே அங்கே. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சாணிக்குழியில் உட்கார்ந்திருந்தேன், குளிர் தெரியலை. அப்புறம் சிரிப்பு வந்தது. முளைச்சிருச்சு. அப்பா சொல்லச் சொன்ன பொய், பொய்யே இல்லை, முந்திச் சொன்னதும் இல்லை. மூணு வாரமாக அவர் ஒரு பக்கம் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், அது அவர் வீசின இடத்தில் முளைத்துக்கொண்டிருக்கிறது.

போன் அடிக்கிற சத்தம் துவைகல்லில் அதிர்ந்து கேட்டது. ஒரு கையில் கட்டையை ஏந்திக்கொண்டு ஓடி, மூக்கால் அமுக்கி எடுத்தேன், கையெல்லாம் சாணி. "பவுலி?" என்றது அம்மா. "ம்." "மூச்சு வாங்குது? என்னடி பண்ற?" "குப்பைக்குழியில இருந்தேன்." "ஞாயித்துக்கிழமையும் அதுவுமா குப்பைக்குழியில என்ன வேலை? பூசைக்குப் போனியா?" "போகல." "அப்பா?" "அவரும் போகல." "நல்ல குடும்பம்" என்றது. பின்னால் டிவி சத்தம். அதே நேரம் மேட்டுப் பாதையில் அப்பா இறங்கி வருகிறார், தோளில் காரட் இலைக்கட்டு, போன் சத்தம் கேட்டு வேகமாக வருகிறார். ஒரு வார்த்தைதான். முளைச்சிருச்சு. கையில் வைத்திருக்கிறேன், சாட்சியோடு. சொன்னால் வரும், வரேன் என்று சொல்லியிருக்கிறது, அம்மா சொன்ன வார்த்தை மாறாது. வாய் வரைக்கும் வந்தது. அங்கேதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது, இத்தனை நாள் வராமல் அந்த நேரம் பார்த்து வந்தது. முளைக்காவிட்டால்? கிழங்கு எல்லாம் செத்தே போயிருந்தால், அப்போது அம்மா வருமா வராதா? சொல்லிவிட்டால் அது எனக்குத் தெரியவே தெரியாது. அதையும் மூடி வைத்த மண்ணை மாதிரி கடைசி வரைக்கும் மேலே நின்று பார்த்துக்கொண்டே இருக்கணும். "அம்மா," என்றேன், "அப்பா உன் டேலியாவ உருளை மாதிரி வெட்டி நட்டுட்டாரு." டிவி சத்தம் குறைந்தது, யாரோ குறைத்தார்கள். "என்னது?" "துண்டு துண்டா. கழுத்தையெல்லாம் வெட்டித் தூக்கிப் போட்டுட்டாரு. சாம்பல் தடவி." "சாம்பலா?" "ஆமா. கயிறு கட்டிக் கோடு போட்டு. தினமும் தண்ணி ஊத்துறாரு. எல்லாம் அழுகிப்போச்சு, இப்பதான் தோண்டிப் பாத்தேன்." போச்சு என்று நினைத்தேன். டவர் போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தேன், இருக்கிறது, நொடி ஓடிக்கொண்டிருக்கிறது. அப்புறம் அம்மா மெதுவாக, "எங்க நட்டாரு?" என்றது. "உன் பாத்தியிலதான்." "அங்க பூண்டுல்ல இருக்கு." "பிடுங்கிட்டாரு." "முத்தியிருக்காதேடி." "பச்சையாவே பிடுங்கிட்டாரு. எல்லாத்தையும்." "யாரு, உங்கப்பாவா?" "ஆமா." "சேசுராஜா?" நான் அம்மா வாயில் அப்பா பேரைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்பா துவைகல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டார். இலைக்கட்டைக் கீழே போடலை, இலை நுனியில் இருந்து பனித்தண்ணி சொட்டிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு கேட்டார் என்று தெரியலை. போனைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், சத்தமில்லாமல் உதட்டை அசைக்கிறார், சொல்லு, சொல்லு. என் கையில் இருக்கிறதை அவர் இன்னும் பார்க்கலை, பாவாடை மடிப்பில் இருந்தது, முளை என் மணிக்கட்டில் குளிர்ச்சியாகத் தட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. அம்மா அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினது, அழுகையா சிரிப்பா என்று போனில் எப்படிக் கண்டுபிடிப்பது, நானும் கல்லோடு காதை வைத்துக் கேட்டுத்தான் பார்த்தேன். "தண்ணி ஊத்துறத நிப்பாட்டச் சொல்லு அந்த மனுஷன" என்றது. அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "மேல குளிரா இருக்கா இப்ப?" என்றது. "பனி இன்னும் விடல." "ஸ்வெட்டர அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். சாயந்தரப் பஸ்சுல வந்தா ஏறும்போதே நடுங்குமே. அத்தைகிட்டத்தான் ஒரு சால்வை கேக்கணும்." அப்பாவுக்கு அது கேட்டது. காரட் கட்டு அவர் தோளில் இருந்து தானாக நழுவிச் சேற்றில் விழுந்தது, குனிந்து எடுக்கக்கூட இல்லை, என்னையே பார்த்தார், சொல்லிட்டியா என்று கேட்கிற பார்வை. முளைச்சிருச்சுன்னு சொல்லு என்றுதான் சொல்லியிருந்தார். நான் சொல்லலை.